தலைப்புக்கு மேலே இருந்த வரி

தமிழில் மட்டும்தான் அது மூன்று வரியாக மடிந்தது.

ஆங்கிலத்தில் அரை வரி. சீனத்தில் அதுகூட இல்லை. மலாயில் எப்படியோ ஒரே வரிக்குள் அடங்கிவிட்டது. தமிழில்தான் ‘முகப்பு › குடல் பரிசோதனை › நீரிழிவு இல்லாதவர்கள் › முந்தைய நாள்’ என்று நீண்டு, கைப்பேசித் திரையின் மேற்பகுதியை அடைத்துக்கொண்டு, தலைப்பைக் கீழே தள்ளியது.

முனீரா பதினோரு வருடமாக இணையத்தளங்கள் வடிவமைக்கிறவள். டன்லப் ஸ்திரீட்டில், பெட்டி படுக்கை விற்கும் கடைக்கு மேலே, மாடியில் அவர்கள் அலுவலகம். மொத்தம் ஐந்து பேர். முதலாளி சுரேந்தர். தோ பாயோவில் இருக்கும் ஒரு தனியார் குடல்நோய் மருந்தகம் தன் தளத்தை நான்கு மொழிகளிலும் புதுப்பிக்கச் சொல்லி அந்த வேலையை அவர்களிடம் கொடுத்திருந்தது. தமிழ்ப் பக்கங்களை முனீராவே உட்கார்ந்து எழுதினாள். மருந்தகத்து மருத்துவர் ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் திரும்ப அவரிடம் போகவேண்டும்.

“மத்த மூணும் க்ளீனா இருக்கு. தமிழ் மட்டும் ஏன் இப்படி?” என்று மருந்தகத்தின் விளம்பர மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆறாவது கூட்டம் அது. அறையில் இருந்த எல்லோரும் அந்த மூன்று வரியைப் பார்த்தார்கள். முனீராவும் பார்த்தாள். நான்கு மொழிகளில் தன் மொழி மட்டும் அழுக்குப்படிந்த மாதிரி நிற்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சுரேந்தர் சொன்னார்: “அந்த பிரெட்கிரம்பை எடுத்துடு. தமிழ்ல, மொபைல்ல மட்டும் போதும்.”

பக்கத்தின் தலைப்புக்கு மேலே பொடி எழுத்தில் ஓடும் அந்தப் பாதை வரிக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். நீ நிற்பது எந்தப் பக்கம், அது எதற்குள் இருக்கிறது, ஒரு படி மேலே போக எங்கே தொடவேண்டும் என்று சொல்கிற வரி.

“அது இல்லன்னா ஆளுக்கு எங்க இருக்கோம்னே தெரியாதே” என்றாள் முனீரா.

“எப்படித் தெரியாது? முகப்புல நுழையறாங்க, சுகர் இருக்கா இல்லையான்னு கேக்குது, தொடறாங்க, போறாங்க. அவங்க தொட்டது அவங்களுக்கு ஞாபகம் இருக்காதா?”

“முகப்பு வழியா வர்றவங்களுக்குச் சரி. யாராவது லிங்க் அனுப்பி நேரா நடுவுல வந்து விழறவங்க?”

“பேக் பட்டன் இருக்குலா.”

நடுவில் வந்து விழுந்தவருக்குப் பின்னால் எதுவும் கிடையாது, அவர் வந்த வழியே வாட்ஸ்அப்தான் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். சுரேந்தரின் தொலைபேசி அடித்தது. மறுநாள் மத்தியானம், ஒரே ஒரு கட்டளையில், அந்த வரி மறைந்தது. தமிழ்ப் பக்கம் பளிச்சென்று ஆனது. மேலாளர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

மறைந்துபோன வரியில்தான் ‘நீரிழிவு இல்லாதவர்கள்’ என்ற சொற்கள் இருந்தன. வேறெங்கும் இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு பக்கம், இல்லாதவர்களுக்கு ஒரு பக்கம்; இரண்டுக்கும் ஒரே தலைப்பு, ‘முந்தைய நாள்: என்ன செய்ய வேண்டும்’. ஒரே படம், ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர். பத்துக் குறிப்புகளில் ஒன்பது எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். காலையிலிருந்து திட உணவு கூடாது, வெறும் தண்ணீரும் தெளிந்த சூப்பும் மட்டும், மாலையில் பேதி மருந்து என்று போகும். ஏழாவது குறிப்புதான் வேறு. ஒரு பக்கத்தில், ‘இன்சுலின் அளவைக் கட்டாயம் குறைக்க வேண்டும், தாதியிடம் கேளுங்கள்.’ மறு பக்கத்தில், ‘வழக்கமான மருந்துகளை வழக்கம்போல எடுத்துக்கொள்ளுங்கள்.’

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் நடுவில், மாதக் கணக்கு அனுப்புவதற்காக முனீரா தளத்துக்கு வந்து போனவர்களின் புள்ளிவிவரத்தைத் திறந்தாள். ஆங்கிலத்தில், நேராக அந்தப் பக்கத்துக்கு வந்து விழுந்தவர்களில் ஐந்தில் ஒருவர் பாதை வரியைத் தொட்டு மேலே போய், நீரிழிவு உள்ளவர்களுக்கான பக்கத்துக்கு மாறியிருந்தார். சீனத்திலும் மலாயிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். தமிழில் எண்பத்து மூன்று பேர் வாட்ஸ்அப் வழியாக நேரே வந்திருந்தார்கள். கடைசிக் குறிப்புவரை படித்திருந்தார்கள். அப்படியே வெளியே போயிருந்தார்கள்.

மேலே போனவர் ஒருவர்கூட இல்லை.

அவள் அந்தச் சுழியத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கணக்குத் தவறு என்று மறுபடி ஓட்டினாள். மறுபடியும் சுழியம். ஐந்தில் ஒருவர் என்றால் எண்பத்து மூன்றில் பதினாறு பேர். அந்தப் பதினாறு பேர் யார், அவர்களுக்குப் பரிசோதனை எப்போது, முடிந்துவிட்டதா இனிமேல்தானா, எதுவும் அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை சுரேந்தரிடம் காட்டினாள்.

“யாராவது கம்ப்ளெயின் பண்ணாங்களா?”

“இல்ல.”

“அப்ப அடுத்த மாச அப்டேட்ல சேர்த்துக்கலாம். தலைப்பையே மாத்தச் சொல்லிக் கேப்போம். டாக்டர் சைன் பண்ணணும்ல, ஒவ்வொண்ணுக்கும் அவங்ககிட்ட ஓடினா நம்மள என்ன நினைப்பாங்க?”

அவள் சரி என்றாள். சரி என்று சொன்னதை அன்று இரண்டு முறை நினைத்துக்கொண்டாள். பிறகு ஒரு பல்பொருள் கடையின் தளம் படுத்துவிட, அதில் மூன்று நாள் போனது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, வேறு எதையோ தேடப்போய், மருந்தகத் தளத்தின் கருத்துப் பெட்டி அவள் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இந்தப் பக்கம் உங்களுக்கு உதவியதா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதுவதெல்லாம் ஓர் அஞ்சல் பெட்டிக்குப் போகும். அதை மருந்தகம் பார்க்கிறது என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். இவர்கள் பார்க்கிறார்கள் என்று மருந்தகம் நினைத்திருந்தது. பெட்டியில் நாற்பதுக்கும் மேலே திறக்காத கடிதங்கள் கிடந்தன. ஆங்கிலத்தில் நன்றிகள், சீனத்தில் ஒரு எழுத்துப்பிழை, கார் நிறுத்த இடம் உண்டா என்று இரண்டு. மேலே இருந்தது ஒரே ஒரு தமிழ்க் கடிதம். செவ்வாய்க்கிழமை எழுதியது.

‘வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் குடல் ஸ்கோப். அப்பா தினம் ரெண்டு வேளை சுகர் ஊசி போடறவர். இதுல மருந்தெல்லாம் வழக்கம்போல எடுக்கலாம்னு போட்டிருக்கு. ஊசியுமா? யாராச்சும் கொஞ்சம் சொல்லுங்க.’

அவ்வளவுதான். பெயர் இல்லை, எண் இல்லை. எழுதுகிறவர் தயங்காமல் எழுதட்டும் என்று பெயரும் எண்ணும் கேட்காமல் அந்தக் கட்டத்தை வடிவமைத்தவள் முனீராதான்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் என்பது இன்று. காலை ஊசி என்றால் ஏழு மணி, எட்டு மணி. அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்து நான்கு.

முதலில் கை தானாகப் போய், அந்தத் தளத்துக்கு மட்டும் தனியாக ஒரு கட்டளை எழுதி, பாதை வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வரியாக மடிந்து அது மறுபடி வந்து நின்றது. ஒரு கணம் நிம்மதி. பிறகு, அந்தக் கடிதம் எழுதியவர் பக்கத்தைப் பார்த்து முடித்து இரண்டு நாளாகிவிட்டது, அவர் ஏன் இதை இன்னொரு தடவை திறக்கப்போகிறார் என்பது உறைத்தது.

மருந்தகத்தின் எண்ணைச் சுழற்றினாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. ஐந்து நிமிடம் கேட்டாள். எழுந்து பையை எடுத்தாள்.

“எங்க போற?” என்றார் சுரேந்தர். அவள் திரையைக் காட்டினாள். அவர் படித்தார். முகம் மாறியது. ஆனாலும், “முதல்ல மெயில் போடு முனீரா. எழுத்துல இருக்கட்டும்” என்றார்.

“மெயில் போட்டா யாரு பார்ப்பா? இதை யாரு பார்த்தா?”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். சிராங்கூன் ரோட்டில் டாக்சி கிடைக்க நான்கு நிமிடம் ஆனது. ஓட்டுநர் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். வழியெல்லாம், முகம் தெரியாத ஒரு மனிதர் அடுப்பில் தண்ணீர் வைப்பதும், நாற்காலியைப் பிடித்துக்கொள்வதும் மனதில் வந்துகொண்டே இருந்தது.

மருந்தகத்தில் எண் எடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். அவள் எண் எடுக்கவில்லை. நேராக உள்ளே போய், தமிழ் முகமாகத் தெரிந்த ஒரு தாதியின் முன்னால் நின்றாள். சட்டைப் பையில் குத்தியிருந்த பெயரட்டையில் நஃபீசா என்று இருந்தது.

“சிஸ்டர், நான் பேஷண்ட் இல்ல. உங்க வெப்சைட் செஞ்ச ஆபிஸ்லேருந்து வர்றேன். நாளைக்கு ஸ்கோப் இருக்கிற ஒருத்தர் தப்பான பக்கத்தைப் பார்த்துட்டு இன்னைக்கு முழு ஊசி போட்டிருப்பார்னு நினைக்கிறேன். தமிழ் ஆளு. பேரு தெரியாது.”

நஃபீசா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கைப்பேசியை வாங்கிக் கடிதத்தைப் படித்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கணினியில் வெள்ளிக்கிழமைப் பட்டியலைத் திறந்தார். முனீராவுக்குத் தெரியாதபடி திரையைச் சற்றே திருப்பிக்கொண்டார்.

“தமிழ்ல மெசேஜ் கேட்டவங்க நாலு பேர்” என்றார். விரல் கீழே இறங்கியது. “சுகர் உள்ளவர் ஒருத்தர்.” விரல் நின்றது. “ரெண்டு வேளை இன்சுலின். காலையில முப்பது யூனிட்.”

“பதிவு பண்ணப்ப யாரும் சொல்லலையா அவருக்கு?”

“சொல்லியிருப்பாங்க. வேற சிஸ்டர். மலாய்ல சொல்லியிருப்பாங்க, அவரும் தலையாட்டியிருப்பார். முன்னெல்லாம் தாள் குடுப்போம், குளிர்பெட்டியில ஒட்டி வச்சுக்குவாங்க. இப்ப லிங்க்தான்.” பேசிக்கொண்டே எண்ணை அழுத்தினார்.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறை அழுத்தும்போது நஃபீசாவின் மற்றொரு கை மேசை விளிம்பைப் பிடித்திருப்பதை முனீரா கவனித்தாள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள மகளின் எண் இருந்தது. அது நேராகக் குரலஞ்சலுக்குப் போனது. ‘கவிப்ரியா பேசறேன், வேலையில இருக்கேன், மெசேஜ் விடுங்க.’

“ஒருவேளை தூங்கறாரோ?” என்றாள் முனீரா.

“அதான் பயமா இருக்கு” என்றார் நஃபீசா. “காலையில முழு ஊசி போட்டுட்டு வெறும் தண்ணி குடிச்சா, முதல்ல வேர்க்கும், கை நடுங்கும். அப்புறம் தூக்கம் மாதிரி வரும். தனியா இருக்கிறவர் போய்ப் படுத்துக்குவார்.”

மணி பதினொன்று இருபது. நஃபீசா ஆம்புலன்சுக்கு அழைத்து, பெயர், வயது, முகவரி எல்லாம் சொன்னார். அந்தப் பக்கம் கேட்ட கேள்விகளுக்கு, “இல்ல, நேர்ல பார்க்கல. ஆனா போய்ப் பார்க்கணும், கதவை உடைச்சாவது பார்க்கணும்” என்று அடித்துச் சொன்னார். மார்சிலிங் என்ற வட்டாரப் பெயர் மட்டும் முனீராவின் காதில் விழுந்தது. எந்த புளோக், எந்த மாடி என்று அவளுக்குச் சொல்லக்கூடாது, அவளும் கேட்கவில்லை.

அவளை ஒரு மூலையில் உட்காரச் சொன்னார்கள். எதிரே ஒரு சீனத் தம்பதி கைப்பேசியில் அதே தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனப் பக்கம். தலைப்புக்கு மேலே அந்த வரி சின்னதாக, அழகாக இருந்தது. கணவர் அதைத் தொட்டார், ஒரு படி மேலே போனார், வேறொரு பக்கத்தைத் திறந்து மனைவியிடம் காட்டினார். மனைவி, ஓ, என்றாள். அவ்வளவு சுலபம்.

பன்னிரண்டு மணிக்குச் சற்றுமுன் நஃபீசாவின் தொலைபேசி அடித்தது. அவர் எழுந்து நின்று பேசினார். வைத்துவிட்டு முனீராவிடம் வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இரும்புக் கேட்டை வெட்டித்தான் உள்ள போயிருக்காங்க. சமையலறை வாசல்ல கிடந்திருக்கார். சுகர் ஒண்ணு புள்ளி ரெண்டு.” அந்த எண் முனீராவுக்கு விளங்காது என்று தெரிந்து, “நாலுக்குக் கீழ போனாலே நாங்க ஓடுவோம்” என்றார். “உயிர் இருக்கு. எவ்வளவு நேரமா கிடந்தார்னு தெரியல. அதுதான் கேள்வி.”

அவர் பெயர் மருதப்பன் என்பதையும், மனைவி இறந்து ஏழு வருடம் ஆகிறது என்பதையும், தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டுகிறவர், பரிசோதனைக்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தார் என்பதையும் முனீரா பிறகுதான் தெரிந்துகொண்டாள். மகள் உட்லண்ட்சில் கணினிச் சில்லு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கே உள்ளே போகும்போது கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அன்று மத்தியானம் சாப்பிட வெளியே வந்தபோது அவள் கைப்பேசியில் பதினாறு தவறிய அழைப்புகள் இருந்தன.

மூன்று வாரம் கழித்து கவிப்ரியா அலுவலகத்துக்கு அழைத்தாள். முனீராவைப் பார்க்கவேண்டும் என்றாள். நஃபீசா சிஸ்டர் எல்லாம் சொன்னார்கள், நேரில் நன்றி சொல்லவேண்டும் என்றாள்.

அந்த மூன்று வாரத்தில் சுரேந்தர் சரியாகத் தூங்கியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மருந்தகம் விசாரணை தொடங்கியிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் வழக்கறிஞர்கள் வந்துவிட்டார்கள். “போ. அந்தப் பொண்ணு சொல்ற நன்றியைக் கேட்டுக்கிட்டு வா. அவங்க அப்பாவை விசாரி. வேற எதுவும் பேசாத. ப்ளீஸ்” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகத்தான் சொன்னார். அதனால் அவளுக்கு அது இன்னும் கனமாக இருந்தது.

மருத்துவமனைக் கீழ்த்தளத்தில் ஒரு காப்பிக்கடை. கவிப்ரியாவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். வேலைச் சட்டையோடு வந்திருந்தாள். கையில் ஒரு கேக் டப்பா. முனீராவைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க மட்டும் அன்னைக்கு வரலன்னா...”

“அப்பா எப்படி இருக்காங்க?”

“கண்ணு முழிச்சுட்டார். என்னைத் தெரியுது. வலது கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. பேச்சும் மாறிமாறி வருது. தண்ணி வேணும்னா ‘சாவி’ங்கறார். டாக்டர் போகப்போகத் தெரியும்னு சொல்றாங்க. பஸ் இனிமே ஓட்ட முடியாதுன்னு மட்டும் சொல்லிட்டாங்க.” கேக் டப்பாவை முனீராவின் பக்கம் தள்ளினாள். “இது உங்களுக்கு. சின்னதுதான்.”

முனீரா அதைத் தொடவில்லை.

கவிப்ரியா கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். தண்ணீர்க் குவளை, பத்துக் குறிப்புகள். “முத்தாயி அத்தை, அப்பாவோட அக்கா. அவங்களுக்கு முந்தின மாசம் ஸ்கோப் ஆச்சு. தமிழ்ல நல்லா போட்டிருக்காங்கன்னு சொல்லி லிங்க்கை எனக்கு அனுப்பினாங்க. அத்தைக்கு சுகர் கிடையாது. நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஏழாவது பாயிண்ட் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கேட்டேன். கீழ இருந்த பாக்ஸ்ல எழுதினேன். புதன்கிழமை பூரா பதில் வரல. பதில் வரலன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்.”

அவள் குரல் தாழ்ந்தது. “அதுக்கப்புறம் எத்தனை வாட்டி இந்தப் படத்தைப் பார்த்தேன் தெரியுமாக்கா? எங்கயாச்சும் சுகர் இல்லாதவங்களுக்குன்னு எழுதியிருக்கா, நான்தான் பார்க்காம விட்டுட்டேனான்னு. பெருசு பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். அத்தை என்னைத் திட்டறாங்க, நான் அத்தையைத் திட்டறேன். அப்பா எங்க ரெண்டு பேரையும் மாறிமாறிப் பார்க்கறார்.”

சுரேந்தர் கெஞ்சியது முனீராவுக்கு நினைவிருந்தது. வழக்கறிஞர் அனுப்பிய கடிதமும் நினைவிருந்தது. எதிரே இருந்த பெண் படத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள், குவளைக்கும் தலைப்புக்கும் நடுவே விரலால் விரித்து, இல்லாத ஒன்றைத் தேடி.

“நீ பார்க்காம விடல” என்றாள் முனீரா. “எழுதியிருந்துச்சு. தலைப்புக்கு மேலே ஒரு வரி இருந்துச்சு. நீரிழிவு இல்லாதவர்கள்னு அதுலதான் இருந்துச்சு. பார்க்க நல்லா இல்லன்னு சொன்னாங்க. நான்தான் எடுத்தேன்.”

கவிப்ரியா நிமிர்ந்தாள்.

“எடுத்தது தப்புன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அப்பாவுக்கு இப்படி ஆறதுக்குப் பத்து நாள் முன்னாடியே தெரியும். தமிழ்ல யாருமே சரியான பக்கத்துக்கு மாறலன்னு கணக்குல பார்த்தேன். சொன்னேன், அடுத்த மாசம் பார்க்கலாம்னாங்க, சரின்னுட்டேன். உன் கேள்வி வந்த பெட்டியை ரெண்டு நாள் கழிச்சுத்தான் திறந்தேன். அதுவும் தற்செயலா.”

பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கவிப்ரியா படத்தை மூடினாள். கேக் டப்பாவின் மேல் இருந்த மற்றக் கை அங்கேயே கிடந்தது. முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெதுவாக வடிந்துபோவதை முனீரா பார்த்தாள். சற்றுமுன் தன் கையைப் பிடித்த பெண் அல்ல இவள்.

“நீங்க அன்னைக்கு எங்கப்பாவைக் காப்பாத்த வரல” என்றாள் கவிப்ரியா. “நீங்க செஞ்சதுக்கு ஓடி வந்திருக்கீங்க.”

“ஆமா.”

“இதை எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்கறேன்.”

கவிப்ரியா எழுந்தாள். டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள். இரண்டு அடி நடந்தவள் திரும்பி வந்தாள்.

“இந்த வரியை வேற எங்கெல்லாம் எடுத்தீங்க?”

“வேற எங்கயும் இல்ல, இதுல மட்டும்தான்” என்று சொல்ல ஆரம்பித்த முனீரா பாதியில் நின்றுவிட்டாள்.

மறைக்கும் கட்டளையை அவள் எங்கே எழுதினாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மருந்தகத்தின் தளத்தில் அல்ல. அலுவலகம் செய்யும் தமிழ்ப் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கோப்பு உண்டு. அதில். நேரம் மிச்சமாகும் என்று அதில். அன்று வியாழக்கிழமை அவசரத்தில் வரியைத் திரும்பக் கொண்டுவந்தது இந்த ஒரு தளத்துக்கு மட்டும்தான். அந்தப் பொதுக் கோப்பை எடுத்துக்கொள்ளும் தளங்கள் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று துணைப்பாட நிலையம். மற்றது சிறுவர் மருந்தகம்.

கவிப்ரியா பதிலுக்குக் காத்திருந்தாள்.

“பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள் முனீரா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“பாருங்க” என்றாள் கவிப்ரியா. மின்தூக்கிப் பக்கம் போய்விட்டாள்.

முனீரா அங்கேயே, அதே நாற்காலியில், கைப்பேசியில் சிறுவர் மருந்தகத்தின் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாள். ‘காய்ச்சல் மருந்து: எவ்வளவு கொடுக்கலாம்’ என்ற தலைப்பு. ஒரு சிரிக்கும் குழந்தையின் படம். இத்தனை மில்லி, இத்தனை மணிக்கு ஒருமுறை. தலைப்புக்கு மேலே வெள்ளையாக இருந்தது. அங்கே என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும், அவள் எழுதியதுதான்: ‘முகப்பு › காய்ச்சல் › ஆறு வயதுக்கு மேல் › மருந்து அளவு’. ஒரு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கும் இதேபோல ஒரு பக்கம், இதே தலைப்பு, இதே படம்.

அலுவலகத்துக்கு அழைத்து, பொதுக் கோப்பில் அந்தக் கட்டளையை இப்போதே அழிக்கச் சொன்னாள். சுரேந்தர், “என்ன சொன்ன அந்தப் பொண்ணுகிட்ட?” என்று கேட்டார். “எல்லாத்தையும்” என்றாள். “சுரேந்தர், முதல்ல அதை அழிங்க. அப்புறம் திட்டுங்க.” விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. “அழிச்சுட்டேன்” என்றார்.

பிறகு அவள் சிறுவர் மருந்தகத்தின் எண்ணை அழுத்தினாள். இங்கே பாட்டு ஓடவில்லை. இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். முனீரா தன் பெயரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள். தமிழ்ப் பக்கத்தில் வயதைக் காட்டும் வரி காணாமல் போயிருந்தது, பெற்றோர் யாராவது கைக்குழந்தைக்குப் பெரிய பிள்ளைகளின் அளவைக் கொடுத்திருக்கக்கூடும், தமிழ்க் குடும்பங்களை ஒவ்வொன்றாக அழைத்து விசாரிக்கவேண்டும் என்று, தடுமாறாமல், ஒரே மூச்சில் சொன்னாள்.

மறுமுனையில் இழுப்பறை ஒன்று திறக்கும் ஓசை கேட்டது.

“எந்தத் தேதியிலேருந்து?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“மார்ச் பதினொண்ணு.”

பேனா ஓடும் சத்தம். பிறகு யாரிடமோ தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. கதவு ஒன்று சாத்தப்பட்டது.

“கொஞ்சம் லைன்லயே இருங்க” என்றாள் அந்தப் பெண். “வச்சிடாதீங்க. டாக்டரே உங்ககிட்ட பேசணுமாம்.”